சோற்றைக் குறைத்தால் எடை இறங்குகிறது, நடந்தால் ஏன் இறங்குவதில்லை?

கேள்வியைச் சுருக்கமாகத் தந்துவிட்டுப் பதிலுக்குச் செல்கிறேன். கேட்டிருப்பவர் 43 வயது ஆண், உயரம் 170 செ.மீ. மூன்றரை மாதங்களுக்கு முன் 86 கிலோ இருந்தார். தந்தைக்கு நீரிழிவு உண்டு. தம்முடைய மூன்று மாத சராசரிச் சர்க்கரையும் 6.1 என்று வந்ததால் அரிசி, கோதுமை, சர்க்கரை மூன்றையும் நிறுத்திவிட்டுப் பேலியோ முறைக்கு மாறினார். முதல் இரண்டு வாரத்தில் 4 கிலோ இறங்கியது, அடுத்த ஏழு வாரத்தில் 3 கிலோ இறங்கியது. அதன் பிறகு தினமும் ஒரு மணி நேர நடையையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார், ஆனால் ஐந்து வாரங்களாக எடை அசையவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துவருகிறார். "என் வளர்சிதை மாற்றம் கெட்டுவிட்டதா? மாவுச்சத்தை விட்டால் உடல் தானாகவே கூடுதல் கலோரியை எரிக்கும் என்றார்களே, அது உண்மையா? எடை குறைப்பதற்கு உடற்பயிற்சியே தேவையில்லை என்று சிலர் சொல்வது சரியா?" என்பவை அவருடைய கேள்விகள்.

உங்கள் வளர்சிதை மாற்றம் கெட்டுவிடவில்லை. மாவுச்சத்தைக் குறைப்பது பலருக்கு எடையைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அது உடலின் எரிப்பு வேகத்தைக் கூட்டுவதால் நிகழ்வதன்று, உண்ணும் அளவு குறைவதால் நிகழ்வது. உடற்பயிற்சியோ எடையைக் கொஞ்சமே குறைக்கிறது. ஆயினும் நீங்கள் எதற்காக எடையைக் குறைக்கப் புறப்பட்டீர்களோ அந்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டிலும், எடை இறங்கும்போது தசை தேயாமல் காப்பதிலும், இறங்கிய எடை திரும்ப ஏறாமல் தடுப்பதிலும் உணவு மாற்றத்தால் மட்டும் ஆகாத பங்கை அது செய்கிறது. உணவிடம் எதிர்பார்க்க வேண்டியதை நடையிடம் எதிர்பார்ப்பதால்தான் பலர் மூன்றாம், நான்காம் மாதத்தில் மனம் உடைந்து இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அந்த இடத்தில் நிற்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 4 கிலோவைப் பார்ப்போம். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் இருக்கும், ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். உணவில் மாவுச்சத்து நின்ற சில நாட்களில் இந்தச் சேமிப்பின் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது, அதோடு கட்டுண்டிருந்த தண்ணீரும் வெளியேறிவிடுகிறது. இதிலேயே ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை போய்விடும். மேலும், ரத்தத்தில் இன்சுலின் தாழும்போது சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றுவதால் அந்த வழியிலும் தண்ணீர் குறைகிறது. முதல் வாரத்தில் பலருக்கு வரும் தலைவலி, அசதி, கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இந்த உப்பு, தண்ணீர் இழப்பே காரணம்.

கணக்காகவும் பார்க்கலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரிக்குச் சமம். பதினான்கு நாளில் 4 கிலோவும் கொழுப்பாகவே கரைந்திருக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 2,200 கலோரி பற்றாக்குறை ஏற்பட்டிருக்க வேண்டும். உங்கள் உடலின் முழு நாள் செலவே அதைவிடச் சற்றுத்தான் கூடுதல் என்பதால், கிட்டத்தட்டப் பட்டினி கிடந்திருந்தால் ஒழிய அது நடந்திருக்காது. எனவே அந்த இரண்டு வாரத்தில் கரைந்த கொழுப்பு ஒன்று அல்லது ஒன்றரை கிலோவாக இருந்திருக்கும், மீதி தண்ணீர். அடுத்த ஏழு வாரத்தில் இறங்கிய 3 கிலோவை இதே கணக்கில் போட்டால் நாளுக்கு 470 கலோரி பற்றாக்குறை என்று வருகிறது. இது நல்ல வேகம், உண்மையான வேகமும் இதுதான். உங்களுக்கு அது மந்தமாகத் தோன்றியது முதல் இரண்டு வாரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டதால்தான். ஒரு கல்யாண விருந்துக்குப் போய்வந்த மறுநாள் ஒன்றரை கிலோ ஏறியிருந்தால் அதற்கும் இதே விளக்கம் பொருந்தும். கிளைக்கோஜனும் தண்ணீரும் திரும்பி வந்திருக்கின்றன, அவ்வளவே.

இனி வளர்சிதை மாற்றம். உங்கள் வயதுக்கும் எடைக்கும், அசையாமல் படுத்திருந்தாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,700 கலோரி செலவாகும். பெரும்பாலோருக்கு மொத்தச் செலவில் அறுபது முதல் எழுபது விழுக்காடு இப்படி ஓய்வு நிலையிலேயே போகிறது. சுமார் பத்து விழுக்காடு செரிமானத்துக்கும், மீதி நடமாட்டத்துக்கும் உழைப்புக்கும் போகிறது. ஓய்வுநிலைச் செலவின் பெரும்பங்கை எடுத்துக்கொள்பவை மூளை, கல்லீரல், இதயம், சிறுநீரகம் ஆகிய உறுப்புகள்தாம். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் சுமார் 13 கலோரி மட்டுமே செலவழிக்கிறது. ஆகவே "தசையை வளர்த்தால் உட்கார்ந்திருக்கும்போதும் கொழுப்பு எரியும்" என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்லப்படுவதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தசையால் கிடைக்கும் நன்மை வேறு வகையானது, அதற்குப் பிறகு வருகிறேன்.

வயதைக் காரணம் சொல்பவர்களும் உண்டு. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டோரின் ஆற்றல் செலவைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயதிலிருந்து 60 வயது வரை வளர்சிதை மாற்ற வேகம் ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது என்று காட்டியது. அதன் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 விழுக்காடு என்ற அளவில் மெல்லக் குறைகிறது. நாற்பதைத் தாண்டியதும் தொப்பை போடுவதற்குக் காரணம் நம் உழைப்பும் உறக்கமும் உணவும் மாறியிருப்பதே ஒழிய, உடலின் அடுப்பு அணைந்துபோவதன்று.

மாவுச்சத்தை விட்டால் எரிப்பு கூடுமா என்ற கேள்வி நேரடியாகவே சோதிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பருமன் அல்லது கூடுதல் எடை கொண்ட 17 ஆண்கள் எட்டு வாரங்கள் ஆய்வு விடுதியிலேயே தங்கவைக்கப்பட்டார்கள். வெளியிலிருந்து ஒரு பிஸ்கட்கூட உள்ளே வர வழியில்லை. முதல் நான்கு வாரம் மாவுச்சத்து மிகுந்த உணவும், அடுத்த நான்கு வாரம் அதே கலோரி அளவில் மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோ உணவும் கொடுக்கப்பட்டன. வாரத்தில் இரண்டு நாள் ஒவ்வொருவரையும் காற்றுப் புகாத அறையில் வைத்து, அவர் உள்ளிழுக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்து, ஆற்றல் செலவைக் கணக்கிட்டார்கள். கீட்டோ உணவுக்கு மாறியதும் இன்சுலின் கணிசமாகத் தாழ்ந்தது, உடல் முக்கியமாகக் கொழுப்பையே எரிக்கத் தொடங்கியது. ஆற்றல் செலவும் கூடியது, ஆனால் நாளுக்குச் சுமார் 57 கலோரிதான். அது ஓர் இட்லிக்குச் சமம். உடல் கொழுப்பு கரையும் வேகமோ கூடவில்லை, முதலில் சற்று மந்தப்பட்டது.

கொழுப்பை எரிப்பது வேறு, உடலில் உள்ள கொழுப்பு குறைவது வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தமிழில் எழுதப்படும் உணவுக் குறிப்புகளில் மிகுதியாகக் குழப்பப்படும் இடம் இதுதான். நெய்யும் தேங்காயும் முட்டையும் இறைச்சியும் உண்பவரின் உடல் நாள் முழுவதும் கொழுப்பைத்தான் எரிக்கும். அந்தக் கொழுப்பு தட்டிலிருந்து வந்ததா வயிற்றைச் சுற்றி இருந்ததிலிருந்து வந்ததா என்பதை முடிவு செய்வது மொத்தக் கணக்கு. கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் என்னும் பொருள் சிறுநீரில் தெரிவதும், வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு கூடுதலாகச் செலவாவதும் எந்த எரிபொருள் ஓடுகிறது என்பதைக் காட்டுமே தவிர, நாள் முடிவில் சேமிப்பு குறைந்ததா என்பதைக் காட்டா.

எதிர்க்கருத்தும் உண்டு. பாஸ்டனில் டேவிட் லுட்விக், காரா எபலிங் ஆகியோர் 164 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு, முன்பே எடை குறைத்தவர்களில் மாவுச்சத்துக் குறைந்த உணவை உண்டவர்கள் நாளுக்கு 200 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் செலவழித்தார்கள் என்று கூறியது. அளவிட்ட முறை அந்த வகை உணவுக்குப் பொருந்துமா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் இருக்கிறது. இரண்டையும் படித்த பிறகு என் கருத்து இதுதான்: ஆற்றல் செலவில் ஒரு மாற்றம் இருந்தாலும், பெரும்பாலோர் எடை குறைவதற்கு அது போதுமான விளக்கமாகாது. நெடுங்காலம் எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் தலைமையில் 609 பேரைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்துக் குறைந்த உணவும் மறுபாதிக்குக் கொழுப்புக் குறைந்த உணவும் ஓராண்டு பின்பற்றச் செய்தார்கள். இரு பக்கத்தாரிடமும் சர்க்கரையும் மைதாவும் பொட்டலத் தீனியும் வேண்டாம் என்றும், காய்கறியைக் கூட்டுங்கள் என்றும் சொல்லப்பட்டது. 2018-இல் வெளியான முடிவு: முதல் குழு சராசரியாக 6.0 கிலோவும் இரண்டாம் குழு 5.3 கிலோவும் இழந்தன, பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் இருபது கிலோவுக்கு மேல் இழந்தவர்களும் இருந்தார்கள், எடை ஏறியவர்களும் இருந்தார்கள். எந்த உணவுமுறை என்பதைவிட, அதை எந்த அளவுக்குத் தொடர முடிந்தது என்பது கூடுதலாகத் தீர்மானித்ததாகவே நான் இதைப் படிக்கிறேன்.

அப்படியானால் மாவுச்சத்தைக் குறைத்ததும் நம் ஊரில் இத்தனை பேருக்கு எடை இறங்குவது எதனால்? இந்தியர்கள் சராசரியாக 62 விழுக்காடு கலோரியை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள், அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை. காலையில் நான்கு இட்லி, பதினோரு மணிக்குச் சர்க்கரை போட்ட டீயும் இரண்டு பிஸ்கட்டும், மதியம் குழம்புக்கும் ரசத்துக்கும் மோருக்கும் மூன்று முறை சோறு, மாலையில் பஜ்ஜியோ முறுக்கோ, இரவில் தோசை என்று போகும் ஒரு நாளில் மாவுச்சத்தை நிறுத்துவது என்பது உணவில் பாதிக்கு மேல் நிறுத்துவதாகும். அந்த இடத்தை முட்டையும் மீனும் காயும் நிரப்பும்போது புரதம் கூடுகிறது. புரதம் பசியை நெடுநேரம் அடக்கும், அதைச் செரிக்கவே அதன் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு செலவாகும், மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10 விழுக்காடுதான். தவிர, நாலு மணி டீக்கடையில் பேலியோக்காரர் வாங்கித் தின்னப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இவை எல்லாம் சேர்ந்து, எண்ணிப் பார்க்காமலே 400, 500 கலோரியைக் குறைத்துவிடுகின்றன. இதை நான் குறைவாக மதிக்கவில்லை. பசியோடு போராடாமல் குறைவாக உண்ண வழி செய்யும் முறை எதுவானாலும் அது நல்ல முறைதான்.

ஆனால் உங்கள் ஐந்து வாரத் தேக்கத்துக்கும் விடை இங்கேயே இருக்கக்கூடும். நம்மிடையே பரவியுள்ள பேலியோ பட்டியலில் காலை உணவாக நூறு பாதாம் என்பது மிகவும் பிரபலம். ஊறவைத்து, நெய்யில் வறுத்துத் தின்பார்கள். நூறு பாதாம் ஏறத்தாழ 120 கிராம் எடையிருக்கும், அதில் மட்டும் 700 கலோரி உண்டு, நெய் தனி. மாவுச்சத்தில்லாததால் கணக்கில் வராது என்று நினைத்துச் சேர்க்கும் வெண்ணெய்த் தேநீர், தேங்காய்த் துண்டு, பாலாடைக்கட்டி, மாலையில் ஒரு பிடி வேர்க்கடலை எல்லாமே அடர்த்தியான கலோரி. தொடக்கத்தில் 86 கிலோ உடலுக்கு இது பற்றாக்குறையாக இருந்திருக்கலாம், 79 கிலோ உடலுக்கு இது சரிசமமாகிவிட்டது. எடை குறையக் குறைய, இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாள் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது என்றும், பசியோ ஒவ்வொரு கிலோவுக்கும் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்றும் கெவின் ஹால் குழுவினர் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏழு கிலோ இழந்த உங்களுக்கு, செலவு 150 முதல் 200 கலோரி இறங்கியிருக்க, பசி 700 கலோரி ஏறியிருக்கிறது என்று பொருள். எடையை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் இந்தப் பசிதான், அது தெரியாமலே கையை இன்னொரு பிடி கடலைக்கு நீட்ட வைக்கும். ஒரு வாரம் மட்டும், எண்ணெய், நெய், கொட்டைகள், தேங்காய் ஆகிய நான்கையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிப் பாருங்கள். வேறெதையும் அளக்க வேண்டியதில்லை.

வளர்சிதை மாற்றம் மிகத் தாழ்ந்துபோன எடுத்துக்காட்டுகளும் இல்லாமல் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டு, முப்பது வாரத்தில் சராசரியாக 58 கிலோ இழந்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அளந்தபோது, அவர்களின் ஓய்வுநிலைச் செலவு எதிர்பார்க்கத் தக்கதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. இழந்ததில் சராசரியாக 41 கிலோ திரும்பியிருந்தது. ஆனால் அது நாள்தோறும் பல மணி நேரக் கடும் பயிற்சியும் மிகக் குறைந்த உணவும் சேர்ந்த நிலை. மூன்றரை மாதத்தில் 7 கிலோ இழந்தவர் தம்மை அவர்களோடு ஒப்பிட்டு அஞ்சத் தேவையில்லை. அதே 14 பேரில் எடையைக் காத்துக்கொண்டவர்கள் உடலுழைப்பை மிகுதியாகக் கூட்டிக்கொண்டவர்களே என்பது பின்னர் தெரியவந்தது, இது உங்களுக்குக் கூடுதல் பயன் தரும் செய்தி.

நடைக்கு வருகிறேன். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால், உட்கார்ந்திருந்தால் ஆகும் செலவைக் கழித்து, உங்களுக்கு ஏறத்தாழ 200 கலோரி கூடுதலாகச் செலவாகும். இரண்டு மெதுவடையும் ஒரு காபியும் அதை விஞ்சிவிடும். அந்த 200-ம் முழுதாகக் கணக்கில் சேர்வதில்லை. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களிடம் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றிய பார்வையையே மாற்றியது. கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, பிறகு பல நாட்கள் சிறுநீரைச் சேகரித்து, அந்த அணுக்கள் எந்த வேகத்தில் வெளியேறுகின்றன என்பதிலிருந்து மொத்தச் செலவைக் கணக்கிடும் முறை அது. ஹட்சா ஆண்கள் நாளுக்கு 11 கிலோமீட்டர் அளவுக்கு நடப்பவர்கள். ஆயினும் உடல் அளவைச் சரிக்கட்டிப் பார்த்தால், அவர்களுடைய நாள் செலவு மேலை நாடுகளில் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோரின் செலவிலிருந்து வேறுபடவில்லை. உழைப்பு கூடும்போது உடல் வேறு செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். இந்த ஈடுகட்டல் ஆளுக்கு ஆள் மாறும், சராசரியாக உழைப்பில் செலவாவதில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இப்படித் திரும்பிவிடுகிறது என்று பின்னர் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று கணித்தது. இதோடு, காலையில் நடந்துவிட்ட நிம்மதியில் நாள் முழுவதும் நாற்காலியை விட்டு எழாதிருப்பதும், "இன்று நடந்தேனே" என்று ஒரு கரண்டி கூடுதலாக வைத்துக்கொள்வதும் சேரும்.

ஆகவே எடை காட்டும் இயந்திரத்தை மட்டும் பார்த்தால், உடற்பயிற்சி தேவையில்லை என்று சொல்பவர்கள் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் சிக்கல் எடையன்று, 6.1 என்ற அந்த எண். அது நீரிழிவுக்கு முந்தைய நிலை.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்திருந்த, அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் அதில் இருந்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. நாள்தோறும் அரை மணி நேரமேனும் நடப்பது, சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைப்பது என்று வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. இதில் நான் பலரிடமும் எடுத்துக்காட்டும் செய்தி ஒன்று உண்டு: அவர்களுடைய எடை சராசரியாகக் குறையவே இல்லை. எடை அசையாத நிலையிலும் நோய் தள்ளிப்போனது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ஐந்து வாரத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள்.

இது எப்படி நிகழ்கிறது என்றால், உண்ட பின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது எலும்புத் தசைகள். சாதாரணமாக இன்சுலின் வந்து சொன்னால்தான் தசைச் செல்லின் உள்ளே இருக்கும் குளுட்4 என்னும் கடத்திப் புரதங்கள் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே விடும். இன்சுலின் தடுப்பு உள்ளவரிடம் அந்தச் சொல் எடுபடுவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் துணை இல்லாமலே இதே புரதங்கள் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏற்றம் தணிவது இதனால்தான். பயிற்சி முடிந்த பின்னும் ஓரிரு நாட்களுக்குத் தசையின் இன்சுலின் உணர்திறன் கூடியே இருக்கும். எனவே வாரத்துக்கு ஒருநாள் மூன்று மணி நேரம் வியர்ப்பதைவிட, இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் அளவாகச் செய்வதே மேல்.

தசை நமக்கு இன்னொரு வகையிலும் முக்கியம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்கும் படம் 2004-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3, ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் இந்தியரிடமும் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இந்த ஒரு படம் போதும். உணவை மட்டும் குறைத்து எடை இழப்பவர்களில், இழந்த எடையில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருக்கலாம். ஏற்கெனவே தசை குறைவாக உள்ள நமக்கு அது பெரிய இழப்பு. எடை திரும்பும்போது முதலில் கொழுப்பாகவே திரும்புவதால், இரண்டு முறை இறங்கி ஏறியவர் அதே எடையில் முன்பைவிடக் கூடுதல் கொழுப்போடு நிற்கக்கூடும்.

ஆகவே நடையை விட்டுவிடாதீர்கள், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் பதினைந்து நிமிடம் நடந்தால், மீதி அரை மணியை வாரத்தில் மூன்று நாள் வலுப் பயிற்சிக்குத் தரலாம். கூடத்துக்குப் போக வேண்டிய கட்டாயமில்லை. பஸ்கி, சுவரிலோ மேசையிலோ கை ஊன்றித் தொடங்கிப் பிறகு தரைக்கு வரும் தண்டால், இரண்டு கையிலும் தண்ணீர்க் குடம் தூக்கி நடப்பது, இழுபடும் ரப்பர் பட்டையை இழுப்பது ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். கடைசி இரண்டு மூன்று முறை செய்யச் சிரமப்படும் அளவுக்குச் சுமை இருக்க வேண்டும், சிரமமில்லாவிட்டால் கூட்டுங்கள். இதற்கு ஈடாகப் புரதம் வேண்டும். உங்கள் எடைக்கு நாளுக்கு 95 முதல் 110 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் சமைத்த கோழியில் 27 கிராமுக்கு மேல், நூறு கிராம் பனீரில் 18 கிராம் அளவில் புரதம் கிடைக்கும். சைவராக இருந்தால் மீல்மேக்கரும் பனீரும் தயிரும் இல்லாமல் இந்த அளவை எட்டுவது கடினம். பருப்பில் புரதத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மாவுச்சத்தும் உண்டு என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாவுச்சத்தை முற்றிலும் விலக்கியே இருக்க வேண்டுமா என்றால், உங்களுக்கு அது தேவை என்று நான் கருதவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' என்னும் நாடளாவிய நீரிழிவு ஆய்வில் 18,090 பேரின் உணவை வைத்துக் கணக்கிட்டவர்கள், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்போர் மாவுச்சத்தை 50 முதல் 56 விழுக்காட்டுக்குள் கொண்டுவந்து, புரதத்தை 20 விழுக்காட்டை ஒட்டி உயர்த்துவதே பெரும் பயன் தரும் என்று கூறினார்கள். ஐரோப்பிய ஆய்வு ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. பிரிட்டனில் மைக் லீன், ராய் டெய்லர் ஆகியோர் நடத்திய ஆய்வில், நாளுக்கு 850 கலோரி அளவே கொண்ட பானங்களைச் சில மாதம் மட்டும் அருந்தி எடை குறைத்த நீரிழிவாளர்களில் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மருந்தில்லாமல் நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் இழந்தவர்களில் அது 86 விழுக்காடு. அந்தப் பானத்தின் கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்துத்தான். ஈரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்ததே அங்கே வேலை செய்தது.

எனவே பேலியோ உங்களுக்குச் சிரமமில்லாமல் ஓடுகிறது என்றால் தொடருங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, வெளியூர் போனால் தடுமாறுகிறது என்றால், மதியம் ஒரு கிண்ணம் சோறும், தட்டில் பாதி காயும், கையகல மீனோ முட்டையோ பனீரோ என்ற அமைப்புக்கு மாறினால் எந்த நன்மையையும் இழக்க மாட்டீர்கள். மாறிய முதல் வாரத்தில் ஒன்றரை கிலோ ஏறும், காரணம் மேலே சொன்ன கிளைக்கோஜனும் தண்ணீரும். வேகமாக ஓடுவதிலோ பூப்பந்து விளையாடுவதிலோ ஆர்வம் இருந்தால் கொஞ்சம் மாவுச்சத்து இருப்பதே நல்லது. ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் உலகத் தரம் வாய்ந்த வேகநடை வீரர்களை மூன்று வாரம் கீட்டோ உணவில் வைத்துப் பயிற்றுவித்தபோது, அவர்கள் கொழுப்பை மிகுதியாக எரித்தார்கள், ஆனால் அதே வேகத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது, பந்தய நேரம் மேம்படவில்லை.

மருந்து பற்றி இரண்டு செய்திகள். நீங்கள் நீரிழிவு மருந்து எடுக்கவில்லை, ஆனால் இதைப் படிக்கும் வேறு சிலர் எடுப்பார்கள். இன்சுலினோ கிளிமிப்ரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவர்கள் கீட்டோ உணவுக்குப் போனால், சர்க்கரை இயல்பாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகும் நிலை ஏற்படலாம். இவர்களும், கருவுற்றவர்களும், பாலூட்டுவோரும், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இந்த முறையைத் தொடங்கவே கூடாது. உங்களைப் பொறுத்தவரை, உப்பும் தண்ணீரும் வெளியேறி எடையும் 7 கிலோ குறைந்திருக்கும் நிலையில் பழைய அளவிலேயே ரத்த அழுத்த மாத்திரையைத் தொடர்வது சரிதானா என்று பார்த்தாக வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறதா என்று கவனியுங்கள், ஒரு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும் அழுத்தத்தை அளந்து எழுதிக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அதே முறை போகும்போது மூன்று மாத சராசரிச் சர்க்கரை, ஈரல் பரிசோதனை, கெட்ட கொழுப்பின் அளவு மூன்றையும் பார்த்துவிடுங்கள். கொழுப்பு மிகுந்த உணவில் சிலருக்குக் கெட்ட கொழுப்பு வெகுவாக ஏறிவிடுகிறது, அது உங்களுக்கு நேர்ந்திருந்தால் நெய், தேங்காயெண்ணெய்க்குப் பதிலாகக் கடலையெண்ணெய்க்கு மாற வேண்டியிருக்கும். வீட்டில் எடையை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். தொப்புளை ஒட்டிய இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை நாடாவால் அளந்து எழுதிவையுங்கள், நம் நாட்டு ஆண்களுக்கு அது 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.